ஏழாம் தேதிக் கவர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இதே பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். வயதான பெற்றோருக்கு மாதாமாதம் பணம் கொடுப்பது இந்தத் தலைமுறையின் தலையில் விழுந்த சுமை, சம்பாதித்த காலத்திலேயே அவர்கள் சேர்த்து வைத்திருக்க வேண்டும், பிள்ளை பெறுவதை முதலீடாக நினைக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். முடியாதவர்களுக்கு அரசு உதவியும் சட்டமும் இருக்கின்றன என்றும் சொல்லியிருந்தார். யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். அவருக்கும் வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு எல்லாம் இருக்கும். ஆனாலும் அந்தக் கடிதம் நான்கு நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு 48 வயது. தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை. கப்பலில் வரும் சரக்குக்கு கஸ்டம்ஸ் பேப்பர் தயார் செய்வோம். பிடித்தம் போகக் கைக்கு 26,000 ரூபாய் வரும். அதில் 6,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி கொருக்குப்பேட்டைக்குப் போய் என் நைனா கையில் கொடுக்கிறேன். தம்பி 4,000 கொடுக்கிறான். அவன் டாடா ஏஸ் வண்டி ஓட்டுகிறான். வண்டி சரியாக ஓடாத மாதத்தில் இரண்டாயிரம்தான் வரும். நைனாவுக்கு 75 வயது, அம்மாவுக்கு 71. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, வாடகை 5,500.

சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்ற பேச்சுக்கு முதலில் வருகிறேன். நைனா 1981ல் திருவொற்றியூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பவுண்டரியில் வேலைக்குச் சேர்ந்தார். மணலில் அச்சுக் கட்டுகிற வேலை. இருபது வருடம் அந்தச் சூட்டில் நின்றார். 2001ல் கம்பெனி மூடியது. கடைசி மூன்று மாதச் சம்பளம் வரவே இல்லை. இந்தப் பக்கத்தில் இது புதுசு இல்லை. பெரம்பூர் பி அண்ட் சி மில் 1996ல் மூடியது ஊருக்கே தெரியும். பெயர்ப்பலகைகூட இல்லாத பட்டறைகள் எத்தனை மூடின என்பது அங்கே வேலை பார்த்த வீடுகளுக்குத்தான் தெரியும்.

பி.எஃப். பென்ஷன் இருக்குமே என்று கேட்பார்கள். இருக்கிறது. அந்த ஓய்வூதியத் திட்டம் வந்ததே 1995 நவம்பரில்தான். நைனாவுக்கு அதில் ஆறு வருடம்கூட முழுதாக இல்லை. அதற்கு முந்தின சர்வீசுக்குச் சேர்த்துக் கொடுத்தது சொற்பம். 2008ல் 58 வயதானபோது மாதம் 640 ரூபாய் என்று வந்தது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சப் பென்ஷனை 1,000 ரூபாய் ஆக்கினார்கள். பத்து வருடம் தாண்டியும் இவருக்கு அதே ஆயிரம்தான். இந்தப் பென்ஷனுக்குப் பஞ்சப்படி கிடையாது. ஒரு சிலிண்டர் வாங்கினால் பெரும்பகுதி போய்விடும். அந்த ஆயிரத்துக்கும் வருடம் ஒருமுறை உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். ஒரு வருடம் மெஷினில் விரல் வைத்தால் ரேகை விழவில்லை. மணலும் சூடும் விரலைத் தேய்த்து வைத்திருக்கிறது. எட்டு முறை வைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்தார். பக்கத்தில் நின்ற எனக்குத் தாங்கவில்லை.

அம்மா மீன்கூடைக்காரி. விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேடு ஏலத்துக்குப் போய், எட்டு மணிக்குள் கொருக்குப்பேட்டை, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் விற்று முடிப்பார். அவருடைய சேமிப்பு ஒரு ஜோடி கம்மல். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது அடகுக்குப் போகும், பொங்கலுக்குள் மீட்பார். மறுபடி ஜூனில் போகும். வட்டி கட்டியதை எல்லாம் கூட்டினால் அந்தக் கம்மலை நாலைந்து தடவை புதிதாக வாங்கியிருக்கலாம். இதைத் தவிர மிச்சம் பிடிக்க வழி இருந்தது என்று யாராவது காட்டினால் கேட்டுக்கொள்கிறேன். கம்பெனி மூடிய அதே 2001ல்தான் தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலமும் முதல் தடவையாக வந்தது. அப்போது 45 நாள், இப்போது ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். தடை வேண்டும், மீன் குஞ்சு பொரித்துப் பெருக வேண்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்த வருடம் விசைப்படகு மீன் இல்லாமல் அம்மாவின் கூடை காலியாக இருந்தது. நைனாவுக்கும் வேலை இல்லை. கம்மல் ஏற்கெனவே அடகுக் கடையில் இருந்தது. அந்த ஜூனில் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பாமல் நின்றவன் என் தம்பி. அவனுக்கு அப்போது 14 வயது.

அதற்குள் நான் பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, தபால் வழியில் பி.காம். படித்துவிட்டேன். அந்தக் கம்மல் எனக்காகத்தான் அத்தனை முறை அடகுக்குப் போனது.

வளர்த்த கடனைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படிப் பார்த்தால் என் கணக்கு சரியாக வரும். தம்பி கணக்கு வரவே வராது. பதினான்கு வயதிலிருந்து ஐஸ் பேக்டரியில் கட்டை தூக்கி வீட்டுக்குக் காசு கொடுத்தவன் அவன். அவனுக்குத்தான் இந்த வீடு பாக்கி வைத்திருக்கிறது. அவனுக்கு இரண்டு பிள்ளைகள், வண்டிக்கு மாதத் தவணை. அவன் கொடுக்காவிட்டால் நைனா ஒரு வார்த்தை கேட்க மாட்டார். இருந்தும் கொடுக்கிறான். ஏன் கொடுக்கிறான் என்பது எனக்குப் புரிந்ததே இரண்டு வருடத்துக்கு முன்னால்தான். அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அந்த வருடம் என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் தவணையாக ஒரே மூச்சில் 45,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. நைனாவிடம் போய், மூன்று மாதம் கவர் வராது நைனா, பொறுத்துக்கோ என்றேன். "புள்ள படிப்புதானே முக்கியம், நீ பாத்துக்கோ" என்றார். என் மனதிலும் ஒரு சமாதானம் இருந்தது. ரேஷன் அரிசி இருக்கிறது. பிரஷருக்கும் சுகருக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். அம்மாவுக்கு மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் வருகிறது. வாடகைக்குத் தம்பி பணம் போட்டுக்கொள்வான். சமாளித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

சமாளித்தார்கள். எப்படிச் சமாளித்தார்கள் என்பது மூன்றாவது மாதம் தெரிந்தது. தம்பி வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறான். கடைக்காரர், "இன்னாப்பா, உங்க நைனாவ ஒன்றரை மாசமா ஆளையே காணோம், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டிருக்கிறார். நைனா தினமும் காலையில் ஆறரைக்கு அந்தக் கடைக்குப் போவார். ஒரு டீ, பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர், கூட வேலை பார்த்தவர்கள் மூன்று நான்கு பேர். முப்பது வருடப் பழக்கம். வீட்டில் கேட்டதற்கு முட்டிவலி, நடக்க முடியவில்லை என்று சொல்லியிருக்கிறார். ஆனால் ரேஷன் கடைக்கு நடந்துதான் போயிருக்கிறார், அது டீக்கடையைவிடத் தூரம். கூட இருப்பவர்கள் நாளுக்கு ஒருவர் எல்லோருக்கும் டீ சொல்வார்கள். தன் முறை வரும்போது சொல்லக் காசில்லை. மற்றவர் காசில் குடிக்கவும், கணக்கில் எழுதிக்கொள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. போவதையே நிறுத்திவிட்டார்.

அம்மா கதை அதற்கு மேல். அவருடன் இருபது வருடம் கூடை சுமந்த அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் பேத்தி கல்யாணம் கல்மண்டபம் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. அந்த அக்கா என் கல்யாணத்துக்கு 500 ரூபாய் மொய் வைத்தவர். இருபத்தி மூன்று வருடத்துக்கு முன்னால் மீன் விற்கிற பெண் வைத்த ஐந்நூறு அது. எங்கள் வீட்டு மொய் நோட்டில் இன்னமும் இருக்கிறது. அம்மா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. கால் வீக்கம் என்று சொல்லி அனுப்பிவிட்டு அன்றைக்கு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார். வெறுங்கையோடு போய் எப்படிச் சாப்பிட்டு வருவது என்று பிறகு என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

சோறும் மாத்திரையும் நிற்கவே இல்லை. அவர்கள் நாலு பேருடன் இருந்ததுதான் நின்றுபோனது. அன்று ராத்திரி தம்பி போனில் பேசினான். "அக்கா, நீ கட்ட முடியலன்னா எங்கிட்ட சொல்லிருக்கலாம். நைனா டீக்கடையில கை கட்டி நிக்கக் கூடாதுக்கா" என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் ஆபீசில் அட்வான்ஸ் கேட்டு வாங்கி மூன்று மாதக் கவரையும் சேர்த்துக் கொண்டுபோனேன். நைனா ஒரு மாதத்துப் பணத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. நான் எட்டு வயதுப் பிள்ளையாக இருக்கும்போது, ஏழாம் தேதி சம்பளக் கவர் வாங்கியதும் நைனா நேராக வீட்டுக்கு வர மாட்டார். தெருமுனையில் நின்று என்னை மட்டும் கூப்பிட்டு, சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் காசிமேட்டுக்கு மிதிப்பார். அங்கே சித்தப்பா வீட்டில் என் ஆயா இருந்தார். நைனா கவரைப் பிரித்து ஐம்பது ரூபாய் எடுத்து ஆயா கையில் வைப்பார். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஆயா அதைச் சுருக்குப்பையில் போட்டுவிட்டு, அதே பையிலிருந்து ஒரு எட்டணாவை எடுத்து என்னிடம் கொடுத்து, கமர்கட் வாங்கிக்கோ என்பார். எனக்கு ஆயா என்றால் எட்டணா. அந்த எட்டணா நைனா சம்பளத்திலிருந்து வந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தெருவில் பிள்ளைகளிடம் எங்க ஆயா கொடுத்தது என்றுதான் சொல்லித் திரிந்தேன். ஆயா சாகிற வரைக்கும் எங்களுக்கெல்லாம் கொடுக்கிற மனுஷியாகவே இருந்தார். நைனா மாதாமாதம் ஐம்பது ரூபாய் கொடுத்தது அதற்காகத்தான் என்று நான் நம்புகிறேன். தம்பி படிக்காவிட்டாலும் இதை என்னைவிட முன்னாலேயே புரிந்துகொண்டிருக்கிறான்.

கடிதம் எழுதிய வாசகர் அரசு உதவி என்று சொன்னார். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023லிருந்து 1,200 ரூபாய். யாரும் இல்லாதவர்களுக்கு அது உயிர்த்தண்ணீர், குறை சொல்ல மாட்டேன். அம்மாவை மனு போடச் சொல்லி ஒருமுறை பக்கத்து வீட்டில் சொன்னார்கள். "ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு, ஆதரவு இல்லன்னு எப்புடி எழுதிக் குடுக்கிறது?" என்று கேட்டு முடித்துவிட்டார்.

சட்டமும் இருக்கிறது. 2007ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. மாதம் 10,000 ரூபாய் வரை பிள்ளைகள் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட முடியும். பார்த்துக்கொள்வதாக எழுதி வீட்டை வாங்கிக்கொண்டு தெருவில் விட்டால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்ய வழி இருக்கிறது. இது எல்லாருக்கும் தெரிய வேண்டும், வாசகர் இதை எழுதியதற்கு நன்றி. ஆனால் எங்கள் தெருவிலேயே ஒரு பாட்டி, மூன்று மகன்கள் இருந்தும் இட்லி சுட்டு விற்றுத்தான் சாப்பிடுகிறார். நானே மனு எழுதித் தருகிறேன் என்றேன். "எம் புள்ளைய நானே ஆபீசுல நிக்க வைக்கணுமா?" என்று சொல்லி என்னைத் தெருவைத் தாண்டி அனுப்பிவிட்டார். கேட்டு வாங்கும் நிலைமைக்கு வந்த பிறகுதான் சட்டம் உள்ளே வர முடியும். கேட்க மாட்டாத பெற்றோர்தான் எங்கள் பக்கத்தில் அதிகம்.

பெண் பிள்ளை கொடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் நான் பணம் கொண்டுபோனபோது அம்மா வாங்கவே இல்லை. "பொண்ணு துட்டுல சோறு துன்னா நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்று கத்தினார். என் மாமியார் வீட்டிலும் முகம் சுளித்தார்கள். என் கணவர் தன் அம்மாவுக்கு அனுப்புவதை யாரும் கேட்டதில்லை, நான் கொடுப்பதை மட்டும் பேசினார்கள். கல்யாணமான மகளுக்கும் பெற்றோரைக் காப்பாற்றும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாடு 1989ல் பெண்ணுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கொடுத்துச் சட்டம் போட்டது. சொத்து என்று எங்களுக்குப் பிரிக்க ஒன்றும் இல்லை, அது வேறு. அம்மா என் பணத்தை வாங்க ஆரம்பித்தது இதையெல்லாம் கேட்டு இல்லை. ஒரு தடவை நான் கவரை சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். அடுத்த மாதமும் அப்படியே வைத்தேன். மூன்றாவது மாதம், "இந்த மாசம் நாலு நாள் தள்ளிப் போச்சே, உடம்பு நல்லாதானே இருக்கே?" என்று போன் செய்தார்.

எல்லாப் பெற்றோரும் ஒரே மாதிரி இல்லை என்பதும் எனக்குத் தெரியும். குடித்துவிட்டு வந்து பிள்ளைகளை அடித்த தகப்பன்கள் எங்கள் தெருவிலும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து திரும்பிப் பார்க்காமல் போனால் அவர்களிடம் போய் நியாயம் பேச எனக்கு உரிமை இல்லை. மகள் கொடுப்பதை வாங்கி மகனிடம் கொடுத்துவிட்டு மகளையே குறை சொல்லும் வீடுகளும் உண்டு. வாசகர் அப்படி ஏதாவது பட்டவராக இருந்தால் என்னை மன்னிக்கட்டும்.

என் முதுமைக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்றும் யோசிக்காமல் இல்லை. 15,000 ரூபாய் சம்பள வரம்பு வைத்து எனக்காக மாதம் 1,250 ரூபாய் பென்ஷன் கணக்கில் போகிறது. 58 வயதில் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழாயிரத்தைத் தொடாது. பிஞ்சிலிருந்து பிடித்தம் கட்டிய தொழிலாளிக்கு இவ்வளவுதானா என்று கேட்கிற கடிதங்களையும் நீங்கள் நிறைய வெளியிட வேண்டும். அந்த ஆயிரம் உயர வேண்டும் என்று எங்கள் நைனா மாதிரி ஆட்கள் வெயிலில் உட்கார்ந்து கேட்கிறார்கள். அது உயர்ந்தாலும் நான் ஏழாம் தேதி கவர் கொண்டுபோவேன்.

கவர் விஷயத்தில் இப்போது ஒன்று மாற்றியிருக்கிறேன். முன்பெல்லாம் பன்னிரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டாக வைப்பேன். காலை ஆறரை மணிக்கு டீக்கடையில் ஐந்நூறை நீட்டினால் சில்லறை இருக்காது. பெரியவரே, அப்புறம் தாங்க என்பார்கள். அதுவும் கணக்கு மாதிரிதான். அதனால் ஆபீஸ் கேஷியரிடம் சொல்லி வைத்து, வாடகைக்கு மட்டும் பெரிய நோட்டு, மற்றதெல்லாம் நூறும் ஐம்பதும் இருபதுமாக வாங்கி வைக்கிறேன். ஜிபே போட்டுவிடலாமே என்று தம்பி கேட்டான். நைனா போனில் பேச மட்டும்தான் முடியும், தவிர அவர் நோட்டை எண்ணுகிற நேரம் எனக்கு வேண்டும். எண்ணி முடித்ததும் ஒரு ஐம்பதை எடுத்து என் மகளிடம் நீட்டுவார். அவளுக்கு இப்போது இருபது வயது. வேண்டாம் தாத்தா என்று சொல்லக் கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்த மாதம் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. வெள்ளிக்கிழமையே சில்லறை நோட்டு வாங்கி வைத்துவிட்டேன். ஆவணியில் அம்மாவுக்கு இரண்டு கல்யாணம் இருக்கிறது. அதில் ஒன்று அந்த மீன்கூடை அக்காவின் இன்னொரு பேத்திக்கு. அதனால் கவரில் ஆயிரம் கூட வைக்கிறேன், பாதி தம்பி தருவதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.